பரிமாறுகிறவருக்கு முதல் அப்பம்

சாப்பாட்டு வேளைக்கு ஒரு மணி நேரம் முன்பாக, அந்த வாரம் பரிமாறும் முறை யாருடையதோ அவர்களுக்கு ஆளுக்கொரு துண்டு அப்பமும் குடிக்கக் கொஞ்சமும் கொடுத்துவிட வேண்டும். இதை அவர்களுடைய வழக்கமான பங்கில் கழிக்கக் கூடாது. பந்தி நடக்கும்போது முறுமுறுப்பும் அதிகச் சிரமமும் இல்லாமல் சகோதரர்களுக்குப் பரிமாற அவர்களால் முடிய வேண்டும் என்பதற்காக இந்த ஏற்பாடு. ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் பெனடிக்ட் தம் மடத்துக்கு எழுதிக்கொடுத்த ஒழுங்கு நூலின் 35ஆம் அதிகாரத்தில் இது இருக்கிறது.

கிறிஸ்தவ ஞானம் என்ற தலைப்பில் பேசக் கூப்பிட்டால் நாம் மலைப்பிரசங்கத்துக்குப் போவோம், நீதிமொழிகளுக்குப் போவோம், கொஞ்சம் படித்தவர்கள் அகுஸ்தீனாரைத் தொடுவார்கள். அடுக்களையில் நிற்கிறவனுக்கு முன்கூட்டியே கொடுக்கும் ஒரு துண்டு அப்பத்தை அந்த வரிசையில் யாரும் வைக்கமாட்டார்கள். அன்றாட வாழ்வில் அந்த ஞானம் எப்படி இருக்கும் என்று கேட்டால் எனக்கு முதலில் காட்டத் தோன்றுவது அந்தத் துண்டைத்தான். பசியோடு நிற்கிறவன் கையில் மற்றவர்களுக்கான சட்டியைக் கொடுத்துவிட்டு, அன்போடு பரிமாறு என்று சொல்வது யாருக்கும் முடியும். பெனடிக்ட் அதைச் சொல்வதற்கு முன்னால் அவன் வயிற்றைப் பார்த்தார்.

தமிழ்க் கத்தோலிக்கர் ஆசீர்வாதப்பர் என்று அழைக்கும் இந்த மனிதர் ஏறத்தாழ 480இல் நூர்சியாவில் பிறந்தவர். ரோமுக்குப் படிக்கப் போனார். நகரத்தின் போக்கு பிடிக்காமல் படிப்பை விட்டுவிட்டு, சுபியாக்கோ மலைப்பக்கம் ஒரு குகையில் தனியே தங்கினார். பெயர் பரவியதும் பக்கத்து மடத்துத் துறவிகள் வந்து, எங்களுக்குத் தலைவராக இரும் என்று வற்புறுத்தினார்கள். உங்கள் வழியும் என் வழியும் ஒத்துவராது என்று அவர் சொன்னதை அவர்கள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. போனார். அவருடைய கண்டிப்பைத் தாங்க முடியாத அதே துறவிகள் திராட்சரசத்தில் நஞ்சு கலந்து நீட்டினார்கள். அவர் சிலுவை அடையாளம் வரைந்ததும் பாத்திரம் உடைந்து சிதறியது என்று எழுதுகிறார் அவர் வாழ்க்கையைச் சொல்லும் பாப்பரசர் கிரகோரி. அற்புதத்தை நம்புகிறவர்கள் நம்பட்டும். எனக்கு அதைவிடப் பெரிதாகப் படுவது வேறு. மேற்கின் துறவு மரபுக்கே தந்தை என்று போற்றப்படுகிறவர், தாம் தலைமை ஏற்ற முதல் மடத்திலேயே, கீழிருப்பவர்களின் மனக்கசப்பு எதுவரை போகும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார். ஒழுங்கு நூலில் முறுமுறுப்பின் மேல் அவருக்கு இருக்கும் கவனத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த நஞ்சுக் கிண்ணம் எனக்கு நினைவுக்கு வரும்.

529 வாக்கில் மொந்தே கசினோ மலைமேல் புது மடம் எழுந்தது. அங்கே எழுதப்பட்ட நூல் சின்னது. 73 அதிகாரங்கள், பல ஒரு பக்கம்கூட வராது. ஜெபவேளைகளுக்கும் தாழ்மையின் படிகளுக்கும் நடுவே உக்கிராணம், படுக்கை, செருப்பு, சமையல் முறை, வாசற்கதவு எல்லாம் வருகின்றன. இரண்டு வகைப் பதார்த்தம் சமைக்க வேண்டும், ஒன்று ஒத்துக்கொள்ளாதவன் மற்றொன்றைச் சாப்பிடலாம். துறவிக்குத் திராட்சரசமே ஆகாது என்பார்கள், ஆனால் நம் காலத்துத் துறவிகளைச் சம்மதிக்கவைக்க முடியாது, அளவோடு குடிக்கவாவது ஒத்துக்கொள்வோம் என்று நாளுக்கு ஓர் அளவு வைக்கிறார். இரவு ஜெபத்தின் தொடக்கச் சங்கீதத்தை நன்றாக இழுத்து மெதுவாகச் சொல்ல வேண்டும், தூக்கக் கலக்கத்தோடு வருகிறவன் அதற்குள் வந்து சேர்ந்துவிடுவான். புது உடுப்பு வாங்குகிறவன் பழையதை உடனே திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அது ஏழைகளுக்குப் போகும். மடத்தில் செய்த பொருளை விற்கும்போது வெளிவிலையைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டும். உக்கிராணக்காரர் மடத்துச் சட்டிபானைகளையும் கருவிகளையும் பலிபீடத்துப் பாத்திரங்களைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும். ஒருவன் கேட்டது கைவசம் இல்லை என்றால் ஒரு நல்ல வார்த்தையாவது கொடுத்து அனுப்ப வேண்டும்.

தமிழ்நாட்டு எழுத்தாளர்களுக்குப் பெனடிக்ட் மரபு அறிமுகமானது பெரும்பாலும் சாந்திவனம் வழியாக. குளித்தலை அருகே தண்ணீர்ப்பள்ளியில் 1950இல் ஜூல் மொன்ஷானினும் ஆன்றி லெ சோவும் தொடங்கிய ஆசிரமம் அது. லெ சோ பிரான்சில் பெனடிக்ட் சபைத் துறவியாக இருந்தவர். பிற்பாடு அங்கே வந்து பெயர்பெற்ற பீட் கிரிஃபித்ஸும் அதே மரபினர். ஆனால் நாம் அவர்களிடம் அத்வைதத்தைப் பற்றிப் பேசினோம், காவியைப் பற்றிப் பேசினோம், உபநிடதங்களைப் பற்றிப் பேசினோம். அவர்கள் கையோடு கொண்டுவந்த நூலில் சகோதரர்கள் கைகால் துடைக்கும் துண்டுகளை யார் துவைப்பது என்றுகூட எழுதியிருக்கிறது என்பது நம் பேச்சில் வரவில்லை. சமையல் வாரம் முடித்து இறங்குகிறவர்தான் துவைக்க வேண்டும் என்பது பதில்.

முறுமுறுப்பைப் பெனடிக்ட் பொறுத்துக்கொள்வதே இல்லை. வாயால் சொல்லாமல் மனத்துக்குள் முறுமுறுத்துக்கொண்டு செய்கிற கீழ்ப்படிதலைக் கடவுள் ஏற்கமாட்டார் என்கிறார். கிரகோரி சொல்லும் இன்னொரு சம்பவம் இதற்குப் பொருந்தும். ஒரு மாலை பெனடிக்ட் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். மேசையருகே ஓர் இளம் துறவி விளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான். பெரிய பதவியில் இருந்த ஒருவருடைய மகன். இவர் யார், இவர் சாப்பிடுவதற்கு நான் ஏன் விளக்குப் பிடிக்க வேண்டும் என்று அவன் மனத்துக்குள் ஓடுகிறது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. பெனடிக்ட் தலை நிமிர்ந்து, நெஞ்சில் சிலுவை போட்டுக்கொள் தம்பி, என்ன பேசிக்கொண்டிருக்கிறாய் என்று கடிந்தார். மற்றவர்களைக் கூப்பிட்டு அவன் கையிலிருந்த விளக்கை வாங்கச் சொல்லி, அவனைப் போய் அமைதியாக உட்காரச் சொன்னார். கோபம்தான், சந்தேகமில்லை. ஆனால் விளக்கு அவன் கையைவிட்டுப் போய்விட்டது என்பதையும் கவனிக்க வேண்டும்.

கண்டிப்பதோடு அவர் நின்றிருந்தால் நாம் அறிந்த எத்தனையோ தலைவர்களில் இவரும் ஒருவர், அவ்வளவுதான். 41ஆம் அதிகாரத்தில் ஓர் இடம் வருகிறது. நோன்பு நாட்களையும் சாப்பாட்டு நேரங்களையும் வகுத்துவிட்டு, வயல் வேலை கடுமையாக இருந்தால், கோடை வெயில் வாட்டினால், தலைவர் இதை மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். ஆத்துமாக்கள் காக்கப்படும்படியாகவும், சகோதரர்கள் தங்கள் வேலையை நியாயமான முறுமுறுப்பு எதுவும் இல்லாமல் செய்யும்படியாகவும் எல்லாவற்றையும் அவர் சரிப்படுத்திக்கொள்ள வேண்டுமாம். முறுமுறுப்பைத் தீமை என்று கருதிய அதே ஆள், அதில் நியாயமானதும் உண்டு என்று ஒத்துக்கொள்கிறார். அந்த நியாயத்துக்கு இடம் வைக்காமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பைத் தலைவரின் தோளில் ஏற்றுகிறார். முறுமுறுக்காதே என்பது கீழே இருப்பவனுக்குச் சொன்னது. முறுமுறுக்கக் காரணம் வைக்காதே என்பது மேலே இருப்பவனுக்குச் சொன்னது. ஒரே நூலில் இரண்டும் இருப்பதால்தான் அது பதினான்கு நூற்றாண்டுகள் தாண்டி நிற்கிறது என்று நினைக்கிறேன்.

இன்னும் நுட்பமான இடம் 37ஆம் அதிகாரம். முதியவர்களையும் சிறுவர்களையும் பற்றியது, நான்கைந்து வரிதான். இந்த இரண்டு வயதினர்மேலும் மனித இயல்பே இரக்கம் காட்டும், ஆனாலும் ஒழுங்கின் அதிகாரமும் அவர்களுக்குத் துணைநிற்கட்டும் என்று தொடங்கி, அவர்கள் குறித்த வேளைக்கு முன்பே சாப்பிடலாம் என்று முடிகிறது. இரக்கம் இயல்பாகவே இருக்கும்போது விதி எதற்கு? இரக்கம் மறந்துபோகும். வேலை மும்முரத்தில் கண்ணில் படாது. ஒருவன்மேல் வரும், இன்னொருவன்மேல் வராது. நல்ல மனநிலையில் இருக்கும் நாளில் வந்து, மறுநாள் வராமல் போகும். கிழவர் ஒவ்வொரு நாளும் யாருடைய முகத்தையாவது பார்த்து நிற்க வேண்டியிருக்கும். விதி இருந்தால் நிற்க வேண்டாம். அன்றாட வாழ்வின் ஞானம் என்று நான் சொல்ல வருவது இதுதான்: அன்பை மனத்தின் பொறுப்பில் மட்டும் விட்டுவைக்காமல் அதை ஓர் ஏற்பாடாக்கி வீட்டுக்குள் வைப்பது.

இது பெனடிக்ட் கண்டுபிடித்ததும் அல்ல. வேதாகமம் முழுக்க இந்தப் புத்தி ஓடிக்கொண்டிருக்கிறது. ஏழைக்கு இரங்கு என்று சொன்னதோடு லேவியராகமம் நிற்கவில்லை. வயலின் ஓரத்தை அறுக்காதே, சிந்திய கதிரைப் பொறுக்காதே, அது எளியவனுக்கும் பரதேசிக்கும் என்று வரப்பில் கோடு கிழித்தது. அப்படிக் கதிர் பொறுக்கிய ரூத் பிழைத்தது வயல்காரன் போவாசின் நல்ல மனத்தால் மட்டும் அல்ல, அவனுக்கு முன்பே அங்கே இருந்த வழக்கத்தால். கூலியைச் சூரியன் அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிடு என்கிறது உபாகமம், அவன் ஏழை, அவன் மனம் அதன்மேல் இருக்கிறது என்று காரணமும் சொல்கிறது. அடகாக வாங்கிய போர்வையை இரவுக்குள் திருப்பிக் கொடுக்கச் சொல்கிறது யாத்திராகமம், வேறு எதைப் போர்த்திக்கொண்டு படுப்பான் என்று கேட்டு.

அப்போஸ்தலர் நடபடிகள் ஆறாம் அதிகாரத்தைப் பாருங்கள். எருசலேமின் முதல் சபையில் ஒரு முறுமுறுப்பு எழுகிறது. கிரேக்கம் பேசும் விதவைகள் அன்றாடப் பந்தி விசாரிப்பில் விடுபட்டுப்போகிறார்கள். பெந்தெகொஸ்தே நாளின் அக்கினி இறங்கி அதிக காலம் ஆகாத சபை அது. பேதுரு எழுந்து, ஆவியில் நிறைந்திருக்க வேண்டிய நீங்கள் சோற்றுக்காகவா சண்டை போடுகிறீர்கள் என்று ஒரு பிரசங்கம் செய்திருக்கலாம். செய்யவில்லை. அப்போஸ்தலர்கள் சபையைக் கூட்டி, ஏழு பேரைத் தெரிந்தெடுக்கச் சொன்னார்கள். அந்த ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். யார் விடுபட்டார்களோ அவர்கள் பக்கத்து ஆட்களின் கையில் பந்தியை ஒப்படைத்தார்கள் என்றே தோன்றுகிறது. அந்த ஏழில் ஒருவர்தான் ஸ்தேவான், சபையின் முதல் இரத்தசாட்சி. சாப்பாட்டுத் தகராறைத் தீர்க்க உண்டான பட்டியலில்தான் அவர் பெயர் முதன்முதல் வருகிறது.

எல்லா முறுமுறுப்பும் இப்படி நியாயமானதாக இருப்பதில்லை. மத்தேயு இருபதாம் அதிகாரத்தில் திராட்சத்தோட்டக் கூலிக்காரர்களும் முறுமுறுக்கிறார்கள். விடியற்காலம் வந்தவனுக்கும் சாயங்காலம் வந்தவனுக்கும் ஒரே கூலியா என்று. அவர்களுக்குப் பேசிய கூலி முழுதும் கையில் இருக்கிறது. அடுத்தவனுக்கும் அதே கிடைத்தது என்பதுதான் உறுத்துகிறது. விதவைகளின் தட்டில் குறை இருந்தது. கூலிக்காரர்களின் தட்டில் குறை இல்லை, கண் அடுத்த தட்டில் இருந்தது. எந்த முறுமுறுப்பு எந்த வகை என்று பிரித்துப் பார்ப்பதே பாதி ஞானம். நம் குறையை எப்போதும் விதவைகளின் குறையாகவும், பிறர் குறையை எப்போதும் கூலிக்காரர்களின் குறையாகவும் காண்பது மனிதப் பழக்கம்.

இந்த இடத்தில் சகோதரர் லாரன்ஸ் பேச்சுக்கு வந்தாக வேண்டும். அடுக்களை ஆன்மிகம் என்றாலே பிரசங்கங்களில் எடுத்தாளப்படுகிறவர் அவர்தான். லொரேன் பகுதியில் பிறந்தவர், இயற்பெயர் நிக்கொலா எர்மான். போர்வீரனாக இருந்து காயம்பட்டார். பிறகு ஒரு பிரபுவின் வீட்டில் ஏவலாளாக இருந்தார். எதை எடுத்தாலும் உடைத்துவிடும் முரட்டுக் கை என்று தம்மைப் பற்றியே சொல்லியிருக்கிறார். 1640இல் பாரிசில் கார்மேல் சபையில் குருப்பட்டம் இல்லாத சகோதரராகச் சேர்ந்தார். சமையலறையில் போட்டார்கள். அந்த வேலை அவருக்கு இயல்பிலேயே பிடிக்காது. அங்கேயே பதினைந்து ஆண்டுகள் இருந்தார். பிறகு காலில் புண்ணோடு செருப்புத் தைக்கும் வேலை. சட்டிபானைகளின் இரைச்சலுக்கு நடுவிலும் நற்கருணை முன் முழந்தாளிட்டிருக்கும் அமைதி தமக்கு உண்டு என்று சொன்ன மனிதர், 1691இல் காலமானார். அவருடைய கடிதங்களையும் பேச்சுகளையும் ஜோசப் த பொஃபோர் என்ற குரு தொகுத்து வெளியிட்டார். கத்தோலிக்கரைவிடப் புரொட்டஸ்டண்டுகள் அதைக் கொண்டாடினார்கள், ஜான் வெஸ்லி உட்பட.

எனக்கு லாரன்ஸின் மேல் மிகுந்த மதிப்பு உண்டு. பிடிக்காத வேலையைத் தினமும் செய்கிற எவருக்கும் அவர் துணை. ஆனால் அவரைச் சுற்றி நடக்கும் ஒரு காரியம் எனக்குப் பிடிப்பதில்லை. அவரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் சமையல் செய்கிறவர்கள் அல்ல. கேட்டுக்கொண்டிருப்பவர்கள்தான் சமைக்கிறவர்கள். பெனடிக்டின் ஒழுங்கில் சமையல் வாரமுறை. நோயாளியையும், தவிர்க்க முடியாத வேறு பொறுப்பு உள்ளவரையும் தவிர யாருக்கும் விலக்கு இல்லை, ஒருவருக்கொருவர் பணி செய்வதில்தான் அன்பு வளரும் என்பது அவர் கணக்கு. பின்னால் வந்த நூற்றாண்டுகளில் மடங்களுக்குள் பாட்டும் படிப்பும் ஒரு சாராருக்கு, கைவேலை இன்னொரு சாராருக்கு என்று பிரிவு வந்தது. லாரன்ஸ் சேர்ந்தது பெனடிக்ட் சபை அல்ல, வேறொன்று. ஆனால் அங்கும் ஒரே மனிதன் பதினைந்து ஆண்டுகள் அடுப்படியில் நிற்கும் நிலை இருந்தது. வாரமுறை இருந்த வீட்டில் அவருக்கு அத்தனை பெரிய உள்வலிமை தேவைப்பட்டிருக்குமா என்று கேட்டுப் பார்க்கலாம். அவர் கடவுளைக் கண்டது உண்மை. அதைக் காட்டி, அவரை அங்கே நிறுத்தியவர்களுக்கு நாம் நற்சான்று கொடுத்துவிட முடியாது.

ஆகவே எனக்கு நானே வைத்துக்கொண்ட கணக்கு இது. லாரன்ஸை எனக்குச் சொல்லிக்கொள்ளலாம், பிறருக்குச் சொல்லக் கூடாது. பெனடிக்டைப் பிறருக்காகச் செய்ய வேண்டும். என் வேலை எனக்குச் சலிக்கும்போது, சட்டிபானைகளுக்கு நடுவே தேவசமுகத்தை உணர்ந்தவரை நான் நினைத்துக்கொள்கிறேன், அது என் ஜெபம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாள் சலித்துக்கொள்ளும்போது அதே கதையை அவரிடம் சொன்னால் அது ஜெபம் அல்ல, கொடுமை. அவருக்கு வேண்டியது வாரத்தில் ஒரு நாள் விடுப்பு. நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர்மாறு. நமக்குக் குறை வந்தால் ஏற்பாடு மாற வேண்டும் என்கிறோம். பிறருக்குக் குறை வந்தால் பொறுமையைப் போதிக்கிறோம்.

மார்த்தாளின் கதையை நம் சபைகளில் நடத்தும் விதத்திலும் இதுவே தெரியும். லூக்கா எழுதியபடி, மரியாள் இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்திருக்கிறாள், மார்த்தாள் பற்பல வேலைகளில் தவித்து, எனக்கு உதவச் சொல்லும் என்று முறையிடுகிறாள். மரியாள் நல்ல பங்கைத் தெரிந்துகொண்டாள் என்கிறார் இயேசு. கிறிஸ்துமஸ் விடியற்கால ஆராதனையில், முந்தின இரவு முழுக்க முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் சுட்டுவிட்டு, இட்லிக்கும் கறிக்கும் எல்லாம் எடுத்துவைத்துவிட்டு வந்து தூணில் சாய்ந்து கண் சொருகும் பெண்களிடம் இந்தப் பகுதியை எடுத்துப் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். மார்த்தாளாக இராதே, மரியாளாக இரு. ஆராதனை முடிந்து பத்து நிமிடத்தில் காபி எங்கே என்று கேட்கப்போகிறவர்களும் அதே பிரசங்கத்துக்கு ஆமென் சொல்வார்கள். மரியாளுக்கு உட்கார இடம் வேண்டும் என்றால் மார்த்தாளின் வேலையை யாராவது பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாதியைப் பிரசங்கத்தில் சொல்வதைவிட, ஆண்கள் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போய்விடுவது சுருக்கமான வழி.

ஏற்பாடு நல்லதாகத்தான் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதம் இல்லை. நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில்தான் 1745இல் தேவசகாயம் பிள்ளைக்கு ஞானஸ்நானம் நடந்தது. 2022இல் புனிதராக உயர்த்தப்பட்டாரே, அவர்தான். அதே ஊரில் பத்தொன்பதாம் நூற்றாண்டில் எழுந்த கோயில் இரண்டு கால்களாகப் பிரிந்து பீடத்தில் வந்து சேரும். ஒரு சாதிக்கு ஒரு கால், மற்றவர்களுக்கு மற்றொரு கால், நடுவே சுவர். பீடத்தில் நின்று குருக்கள் எல்லாருக்கும் ஒரே பிதா என்று சொல்லியிருப்பார்கள். ஜனங்கள் அதைக் கேட்டார்கள், கற்றுக்கொண்டதோ சுவரிடமிருந்து. பிரசங்கம் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம்தான் பேசும், சுவர் வாரம் முழுக்கப் பேசும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கவுசானல் அடிகளார் காலத்தில் சுவர் இடிக்கப்பட்டது. கொந்தளிப்பு வந்தது, வழக்கு சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது, பழைய பிரிவை வேண்டியவர்களுக்கு அங்கே வெற்றி கிடைக்கவில்லை. அந்த ஊர் கற்ற புதுப்பாடமும் பிரசங்கத்திலிருந்து வந்தது அல்ல, இடித்த சுவரிலிருந்து வந்தது.

அடிமைமுறை இருந்த ஆறாம் நூற்றாண்டு இத்தாலியில் பெனடிக்ட் மடத்துக்குள் வரிசையை எப்படி வைத்தார்? சேர்ந்த நேரத்தை வைத்து. பகலின் இரண்டாம் மணியில் வந்தவன், எத்தனை வயதானாலும் என்ன அந்தஸ்து உள்ளவனானாலும், முதல் மணியில் வந்தவனுக்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். அடிமையாக இருந்து வந்தவனை, சுதந்திரனாகப் பிறந்தவன் என்ற ஒரே காரணத்துக்காக இன்னொருவன் முந்தக் கூடாது. எல்லாரும் சமம் என்று எழுதுவதைவிட, யார் யாருக்குப் பின்னால் நிற்பது என்று எழுதுவது கடினம். அவர் இரண்டாவதைச் செய்தார்.

நம் பக்கத்திலும் நல்ல ஏற்பாடுகள் இருந்தன, இருக்கின்றன. எங்கள் தெற்கத்திச் சபைகளின் பிடியரிசியை எடுத்துக்கொள்கிறேன். உலை வைக்க அரிசி அளந்ததும், களைவதற்கு முன்னால், வீட்டுப் பெண் அதிலிருந்து ஒரு பிடியை எடுத்து ஓரமாக இருக்கும் சின்னப் பானையில் போடுவாள். பானை நிறைந்ததும் கோயிலுக்குப் போகும். மீந்ததைக் கொடுப்பது அல்ல இது, முதலிலேயே எடுத்துவைப்பது. மாதக் கடைசியில் கையில் காசு இருக்கிறதா, மனசு இருக்கிறதா என்ற கேள்வியே எழாது. தன் பெயரில் ஒரு ரூபாய்கூட இல்லாத பெண்ணும் கொடுக்கிறவளாக இருந்தாள். யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று கல்லில் பொறிக்கவும் முடியாது. இதே வழக்கத்தை மிசோராமின் பிரஸ்பிட்டேரியன் சபை 1910 முதல் கடைப்பிடித்துவருகிறது. அங்கே சபையின் பெரிய வருமானங்களில் ஒன்றே அந்தக் கைப்பிடி அரிசிதான்.

அசனத்தையும் சொல்ல வேண்டும். ஸ்தோத்திரப் பண்டிகைக்கோ பிரதிஷ்டைப் பண்டிகைக்கோ ஊர் முழுக்கக் கோயில் வளாகத்தில் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுவது. பணக்காரன் ஏழை என்று பார்க்காமல் ஒரே பந்தி, ஒரே ஆட்டுக்கறிக் குழம்பு. நம் சபைகளின் அழகான பழக்கங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் கடைசிப் பந்திவரை நின்று பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். விடியுமுன்பே வெங்காயம் உரிக்க உட்கார்ந்தவர்கள், அண்டாவைக் கிண்டியவர்கள், வாளியைத் தூக்கிக்கொண்டு வெயிலில் ஓடியவர்கள் எல்லாரும் உட்காரும்போது மூன்று மணி தாண்டியிருக்கும். வாளியின் அடியில் கறித் துண்டு இருக்காது, குழம்பு இருக்கும். இலையைப் பார்த்துவிட்டு அவர்கள் சிரித்துக்கொள்வார்கள், ஊழியம் என்றால் இப்படித்தான் என்பார்கள். யாரும் அவர்களுக்குத் தீங்கு நினைத்ததில்லை. யாரும் நினைக்கவே இல்லை என்பதுதான் விஷயம். வீடுகளிலும் அதே வரிசை. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாவைப் பற்றி நாம் கவிதை எழுதுகிறோம், அன்னையர் தினச் சாட்சி சொல்கிறோம். வரிசையை மட்டும் மாற்றுவதில்லை.

இதெல்லாம் வெறும் நிர்வாகத் திறமைதானே, நல்ல மேலாளர் எவரும் செய்வாரே, இதில் கிறிஸ்தவம் எங்கே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. மேலாளர் குறையைத் தீர்ப்பது வேலை நடக்க வேண்டும் என்பதற்காக. வேலை குறையோடும் நடக்கும் என்று தெரிந்தால் அவர் விட்டுவிடுவார். பெனடிக்டின் கணக்கு வேறு. நோயாளியைக் கிறிஸ்துவாகவே எண்ணிப் பணிசெய்ய வேண்டும், வாசலுக்கு வரும் விருந்தாளியைக் கிறிஸ்துவாகவே ஏற்க வேண்டும் என்று எழுதியவர் அவர். அதுவும் மற்றவர்களைவிட ஏழைகளையும் பரதேசிகளையும் அதிகக் கவனத்தோடு, ஏனென்றால் பணக்காரனுக்கு அவனைப் பார்த்த பயத்திலேயே மரியாதை கிடைத்துவிடும் என்கிறார். சமையல் முறையிலும் அப்படித்தான். சனிக்கிழமை, வாரம் முடித்து இறங்குகிறவரும் அடுத்து ஏறுகிறவரும் சேர்ந்து எல்லாருடைய கால்களையும் கழுவ வேண்டும். நம் கோயில்களில் பெரிய வியாழனன்று ஆண்டுக்கு ஒருமுறை, பன்னிரண்டு பேருக்கு, குருவானவர் செய்வதை அங்கே வாராவாரம் சமையல்காரர்கள் செய்கிறார்கள். பாத்திரங்களைச் சுத்தமாக எண்ணி ஒப்படைப்பதும் கால் கழுவுவதும் ஒரே நாளின் ஒரே வேலைப் பட்டியலில் வருகின்றன. சடங்கை அட்டவணையில் சேர்த்துவிட்டார்.

அட்டவணையும் இறுகிப்போகலாம், அதையும் அவர் அறிந்திருந்தார். சங்கீதங்களை நாள்வாரியாகப் பிரித்து அதிகாரம் அதிகாரமாக எழுதிவிட்டு, இது பிடிக்காதவர் இதைவிட நல்லதாக வகுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுகிறார். வாரத்தில் நூற்றைம்பது சங்கீதங்களும் சொல்லி முடிய வேண்டும், அதுதான் முக்கியம். முக்கிய முடிவு எடுக்கும்போது எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்கிறார், பல வேளைகளில் வயதில் குறைந்தவனுக்கே ஆண்டவர் நல்லதை வெளிப்படுத்துவார் என்பதற்காக. கடைசிப் பந்தியில் உட்காருகிறவனையும் கூட்டத்துக்குக் கூப்பிட்டால்தான் இலையில் என்ன இருந்தது என்று தெரியும்.

அறிவுரைக்குச் செலவில்லை, அதனால்தான் அது இத்தனை தாராளமாகக் கிடைக்கிறது. ஏற்பாட்டுக்கு யாராவது தன் பங்கிலிருந்து எடுத்துவைத்தாக வேண்டும்: பெரியவர் தம் முதல் இடத்தை, கணவன் தன் காலைத் தூக்கத்தை, முதலாளி தன் கையிலிருக்கும் பணத்தைக் கேட்கும் முன்பே. உண்ண உணவும் உடுக்க உடையும் இல்லாதவனைப் பார்த்து, சமாதானமாகப் போ, குளிர் காய், பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புகிறவனை யாக்கோபு கேட்கும் கேள்வி இதைப் பற்றியதுதான். அவர் ஞானத்தைப் பற்றி அதிகம் எழுதியவர். ஞானம் வேண்டுகிறவன் தேவனிடம் கேட்கட்டும் என்றதும் அவரே, வேலைக்காரனுக்குக் கொடாமல் நிறுத்திவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்றதும் அவரே. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டால், அடுத்த அசனத்தில் பரிமாறுகிறவர்களை முதல் பந்தியில் உட்காரவைத்துவிடலாம், மூப்பர்களும் விருந்தினர்களும் அவர்களுக்குப் பின் உட்காரட்டும். செலவு ஒன்றும் இல்லை, அரை மணி நேரம் தாமதமாகும். இதைச் சபைக் கமிட்டியில் ஒருவர் எழுந்து சொல்லட்டும். அதற்கு என்னென்ன மறுப்பு வருகிறது, யார் யார் முகம் சுளிக்கிறார்கள், மரபு என்ற பேச்சு எத்தனையாவது நிமிடத்தில் வருகிறது என்று கவனித்தால் போதும். நாம் இத்தனை காலம் கேட்ட பிரசங்கங்களில் எவ்வளவு உள்ளே இறங்கியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.